ஐந்தரைத் தப்படித் தெரு

அத்தியாயம் ஒன்பது

லாரி தெருமுனையில் நின்றது. டிரைவர் இஞ்சினை அணைத்தார். தலையை வெளியே நீட்டி இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"சார், இது தெருவா, வீட்டு நடையா? என் வண்டி மூக்கை மட்டும்தான் உள்ள நீட்ட முடியும்."

"போகும். பதினாலு அடி இருக்கு."

"எந்தப் பதினாலு அடி?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இரண்டு பக்கமும் மாடி வீடுகள். வீட்டுக்கு வீடு படி நீண்டிருந்தது. படிக்குப் பக்கத்தில் ஸ்கூட்டர். ஸ்கூட்டருக்கு மேல் கொடியில் துணி. நடுவில் மிச்சமிருந்த இடத்தில்தான் மனிதர்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

மணி ஏழு நாற்பது. பத்து மணிக்கு மேல் பெரிய லாரிகள் இந்தப் பகுதியில் இருக்கக் கூடாது. அதைப் புறப்படும்போதே டிரைவர் மூன்று முறை சொல்லியிருந்தார்.

முன் இருக்கையில் நாங்கள் நான்கு பேர். டிரைவர், நான், என் மடியில் என் மகள், ஜன்னலோரம் என் மாமனார். மகளுக்கு ஐந்து வயது. பிறந்தபோது உருண்டையாக இருந்ததால் பட்டாணி என்று பெயர் விழுந்தது. இப்போது கொடி மாதிரி வளர்ந்துவிட்டாள், பெயர் மட்டும் போகவில்லை. மாமனார் தையல்காரர். அவர் மடியில் தையல் மெஷினின் தலை, போர்வையில் சுற்றியபடி. அதை லாரியின் பின்பக்கம் ஏற்ற அவர் சம்மதிக்கவில்லை. நாலு மணி நேரம் கைக்குழந்தையைப் போல் அணைத்துக்கொண்டே வந்தார். மேடு பள்ளம் வந்தபோதெல்லாம் டிரைவரை ஒரு பார்வை பார்த்தார்.

என் மனைவி போய் நான்கு மாதம் ஆகிறது. மூளையில் ஒரு நரம்பு. மூன்று நாள் ஆஸ்பத்திரி. இந்த மாடி வீட்டைப் பார்த்ததும் பேசி முடித்ததும் அவள்தான். நான் அப்போது ஒரு பால வேலைக்காக வெளியூரில் இருந்தேன். பூச்சு வேலை முடிந்து வீடு கைக்கு வர நாலு மாதம் ஆகும் என்றார்கள். சொன்னபடி முடித்துவிட்டார்கள்.

புது வீட்டில் அப்பாவும் எங்களோடு இருக்க வேண்டும் என்பது அவளுடைய ஏற்பாடு. அவள் போன பிறகு அவர் பின்வாங்கினார். மகள் இல்லாத வீட்டில் மாமனாருக்கு என்ன வேலை என்றார். நானும் ஒரு வார்த்தை விட்டுவிட்டேன். நீங்கள் வராவிட்டாலும் பரவாயில்லை, தனியாகச் சமாளித்துக்கொள்வேன் என்றேன். அவருக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்றுதான் சொன்னேன். காதில் விழும்போது அது வேறு மாதிரி விழுந்திருக்கும். ஒரு வாரம் இழுத்தது. கடைசியில் போன ஞாயிற்றுக்கிழமை நிபந்தனையோடு வழிக்கு வந்தார்.

"மேசை வந்தா நான் வர்றேன். மேசை இல்லாத இடத்துல எனக்கு உட்காரத் தெரியாது."

துணி வெட்டுகிற மேசை. ஏழடி நீளம், மூன்றரை அடி அகலம். இவ்வளவு பெரிய லாரியை நான் பிடித்ததே அதற்காகத்தான்.

சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தேன். அவள் வரைந்த தாள். வீட்டின் ஒவ்வொரு அறையும் அதில் இருந்தது. எந்தச் சாமான் எங்கே என்று பென்சிலில் கட்டம் போட்டு உள்ளே எழுதியிருந்தாள். அப்பா மேசை. அப்பா கட்டில். பட்டாணி. பீரோ. நாங்க. பின்னறையில் மட்டும் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. எழுத மறந்திருப்பாள் என்று நினைத்தேன்.

ஓரத்தில் அளவுகள். வீடு பார்க்கப் போனபோது அவளிடம் டேப் இல்லை. கையையும் காலையும் வைத்து அளந்திருந்தாள். அறைகள் சாண் கணக்கு. படிக்கட்டு நாலரைச் சாண். தெரு ஐந்தரைத் தப்படி.

நான் பாலம் வரைகிற அலுவலகத்தில் வரைவாளன். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் தாள் மேசைக்குத் திரும்பி வரும். சாணையும் தப்படியையும் அப்படியே விட எனக்கு மனம் வருமா? என் சாண் ஒன்பது அங்குலம். என் தப்படி இரண்டரை அடி. பெருக்கினேன். தெரு கிட்டத்தட்டப் பதினாலு அடி. லாரி எட்டடி. இரண்டு முறை சரிபார்த்தேன்.

இறங்கிப்போய்த் தெருவைக் குறுக்கே நடந்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவதுக்குக் காலைத் தூக்கினேன். சுவர்.

அங்கேயே நின்றேன்.

அவள் என் தோளுக்குக் கீழே இருப்பாள். அவள் தப்படி எப்படி என் தப்படியாகும்? ஆறு வருஷம் பக்கத்தில் நடந்திருக்கிறேன். பெருக்கும்போது ஒரு தடவைகூட எனக்கு அது உறைக்கவில்லை.

பின்னால் ஒரு ஹாரன் அடித்தது. பிறகு நாலைந்து.

லாரி தெருவின் வாயை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளேயிருந்து ஒரு ஸ்கூட்டரும் வெளியே வர முடியவில்லை. பள்ளிக்கூட வேன் பிடிக்க வேண்டிய பிள்ளைகள் லாரிக்கும் சுவருக்கும் நடுவில் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒருக்களித்து நுழைந்தார்கள். மேல்மாடியிலிருந்து ஒரு அம்மாள், ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே, பின்னால் எடு, இடப்பக்கம் ஒடி என்று டிரைவருக்குச் சொல்லிக்கொடுத்தார். டிரைவர் இருபத்தெட்டு வருஷமாக லாரி ஓட்டுகிறவர். சரிம்மா, சரிம்மா என்று தலையாட்டினார், வண்டியைத் தொடவில்லை.

சாவி எதிர் வரிசையில் படங்களுக்குச் சட்டம் போடுகிறவரிடம் இருந்தது. வீட்டுக்காரம்மா காலையில் நடக்கப் போயிருந்தார். சட்டக்காரர் கையில் சாவியோடு லாரியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"பாலமா? ஆத்துக்குக் குறுக்கே அளக்குற ஆளு சந்துக்குக் குறுக்கே அளக்கலையா?"

அளந்தேன் என்றேன்.

சட்டக்காரர்தான் வழியும் சொன்னார். வண்டி இங்கேயே நிற்கட்டும், எல்லாரும் கைமாற்றிக் கைமாற்றி உள்ளே கொண்டுபோய்விடலாம் என்றார். வீடு ஆறாவது வாசல். சாமான் இறங்கினால்தான் லாரி நகரும். லாரி நகர்ந்தால்தான் ஸ்கூட்டர்கள் போகும். அதனால் வேலைக்குப் புறப்பட்டவர்களே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வரிசையில் வந்து நின்றார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவர் என் அண்டாவை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் ஓரத்தைத் துணி வைத்துப் பிடித்திருந்தார்.

பெட்டிகளில் நான் எண் போட்டிருந்தேன். 3-அ-7 என்றால் மூன்றாம் அறை, அலமாரி, ஏழாவது பெட்டி. பழைய வீட்டில் உட்கார்ந்து இரண்டு நாள் செய்த ஏற்பாடு. வரிசையில் நின்ற ஒருவருக்கும் அது விளங்கவில்லை. மூன்றாம் அறை எது என்று ஒவ்வொருவரும் கத்திக் கேட்டார்கள். பட்டாணி அதே பெட்டிகளில், எனக்குத் தெரியாமல், கிரேயானில் படம் போட்டிருந்தாள். சமையலறைப் பெட்டியில் கரண்டி. என் பெட்டியில் மூக்குக்கண்ணாடி. தாத்தாவுடையதில் கத்தரிக்கோல். பத்து நிமிஷத்தில் தெரு முழுக்க அவள் கணக்குக்கு மாறிவிட்டது.

"ஏம்ப்பா, ஒரு கரண்டி வருது, பிடி. இந்தா, ரெண்டு மூக்குக்கண்ணாடி."

ஒரு பெட்டியில் படமும் இல்லை, எண்ணும் இல்லை. என் மனைவியின் துணிகள். வரிசையில் வந்தபோது சட்டக்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு இது எங்கே என்று கேட்டார். நான் வாங்கிக்கொண்டேன். நானே மாடிக்குக் கொண்டுபோனேன்.

இறங்கி வந்தபோது உங்கள் பக்கத்து ஆள் யாரும் ஒத்தாசைக்கு வரவில்லையா என்று அவர் விசாரித்தார். இல்லை என்றேன். என் பக்கம் இருப்பது என் அம்மா ஒருத்திதான். ஓய்வு பெற்ற நர்ஸ். எங்கள் கல்யாணத்தில் அம்மாவுக்கு இஷ்டமில்லை. ஆறு வருஷமாகப் பேச்சில்லை, போக்குவரத்து இல்லை. அவள் இறந்த அன்று அம்மா வந்தார். வெள்ளை கேன்வாஸ் ஷூவோடு வாசலில் அரை மணி நேரம் நின்றார். வேலையை விட்டும் அந்த ஷூவை மட்டும் விடவில்லை. உள்ளே வாங்க என்று நான் சொல்லவில்லை. அவரும் வரவில்லை. இதையெல்லாம் சட்டக்காரரிடம் சொல்வானேன்?

மணி ஒன்பது. லாரியில் மேசை மட்டும் மிச்சம்.

மாமா அதுவரை முன் இருக்கையை விட்டு இறங்கவில்லை. மெஷினைக் கட்டிக்கொண்டு கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்தபடி இருந்தார். மேசைக்குக் கயிறு அவிழ்க்கிற சத்தம் கேட்டதும் இறங்கினார். மெஷினை இருக்கையிலேயே உட்கார வைத்து, பட்டாணியைக் காவலுக்கு நிறுத்தினார். கழுத்தில் இன்ச் டேப் தொங்கியது. அது இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. மகளை எரித்துவிட்டுத் திரும்பிய அன்றும் அது அவர் கழுத்தில் இருந்தது.

என்னைக் கேட்கவில்லை. நேராக ஆறாவது வாசலுக்குப் போனார். ஒரே நேராக மேலே ஏறுகிற படிக்கட்டு, இரண்டு பக்கமும் சுவர். குறுக்கே டேப்பைப் பிடித்தார். குனிந்து பார்த்தார். இன்னொரு படியிலும் பிடித்துப் பார்த்தார்.

"முப்பத்து மூணே முக்கால்."

மேசையின் உயரம் முப்பத்தாறு அங்குலம். ஒருக்களித்துத் தூக்கினால் அதுதான் படியின் அகலத்தில் நுழைய வேண்டும். நாலரைச் சாண் என்றால் என் கணக்கில் நாற்பதரை. தாராளமாகப் போயிருக்கும்.

"கால் கழட்டுற மாதிரியா?" என்று சட்டக்காரர் கேட்டார்.

மாமா இல்லையென்று தலையசைத்தார். ஆணி இல்லாமல் கோத்துப் பசை வைத்த கால்கள். அவருடைய அப்பா செய்ய வைத்தது. பால்கனி வழியாகக் கயிறு கட்டித் தூக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். கொடியும் கம்பியுமாக இருந்ததைப் பார்த்துவிட்டு அவர்களே வேண்டாம் என்றார்கள்.

மாமா டேப்பைச் சுருட்டினார். டிரைவரிடம் போனார். என் காதில் விழும்படிதான் பேசினார். திரும்பும் வழியில் என் மகன் ஊர் வருகிறது. அங்கே அவன் வீட்டில் இறங்கிக்கொள்கிறேன், மேசையை இறக்க வேண்டாம் என்றார். கோபம் ஒன்றும் இல்லை அவர் குரலில். பொத்தானுக்குக் காஜா எடுக்க எவ்வளவு நேரமாகும் என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

"ரொம்ப நல்லது ஐயா" என்றார் டிரைவர். "ஆனா பத்துக்குள்ள நான் கிளம்பணும். பேசறதா இருந்தா இப்பவே பேசிக்குங்க." பேச வேண்டிய ஆள் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என்னைத்தான் பார்த்தார்.

மணி ஒன்பது பத்து.

நான் லாரியின் பின்பக்கம் போய் மேசையைப் பார்த்தபடி நின்றேன். மேல்பலகை முழுக்கக் கத்தரிக்கோல் கீறல்கள். ஒரு மூலையில் அவள் சின்ன வயதில் பேனாவால் எழுதிய அ, ஆ. நான்கு மாதமாக எனக்கு அழுகை வரவில்லை. இப்போதும் வரவில்லை.

பட்டாணி முன் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்துத் தாத்தாவிடம் கேட்டாள். திங்கட்கிழமை அவள் புதுப் பள்ளிக்கூடத்தில் சேருகிறாள். யூனிபார்ம் துணி இன்னும் வெட்டாமலே பெட்டியில் இருக்கிறது. அது கரண்டிப் பெட்டியில் போய்விட்டதா, கத்தரிக்கோல் பெட்டியிலா என்று அவளுக்குக் கவலை. அவர் அவள் தலையை ஒரு தட்டுத் தட்டினார்.

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"மாமா."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"தனியா சமாளிச்சுக்குவேன்னு சொன்னேன்ல."

"ஆமா. சொன்னீங்க."

"பொய் மாமா. எனக்குப் பட்டாணிக்குத் தலை பின்னக்கூடத் தெரியாது. நாலு மாசமா ரப்பர் பேண்ட் போட்டு அனுப்பறேன்."

அவர் பட்டாணியின் தலையைப் பார்த்தார். பின்னல் என்ற பெயரில் அங்கே இருந்ததைப் பார்த்தார்.

"அப்புறம் ஏன் வராட்டியும் பரவால்லன்னீங்க?"

"நீங்க எனக்காக வரக் கூடாதுன்னு நினைச்சேன்."

"வேற யாருக்காக வருவாங்களாம்?"

அளவு விஷயத்தைச் சொன்னேன். தாளை அவரிடம் கொடுத்தேன். அவள் சாணையும் தப்படியையும் என்னுடையதாக வைத்துப் பெருக்கிவிட்டேன் என்றேன். அவள் காலடி எவ்வளவு என்பதே எனக்கு மறந்துபோயிருக்கிறது என்றேன்.

அவர் தாளை நெஞ்சுக்கு நேரே தூரமாகப் பிடித்துப் படித்தார். அப்பா மேசை என்ற இடத்தில் கட்டைவிரல் நின்றது.

அந்த நேரத்தில் வீட்டுக்காரம்மா நடை முடித்துக் கையில் குடையோடு வந்து சேர்ந்தார். கீழ்த்தளம் அவருடையது. லாரியையும் கூட்டத்தையும் என் முகத்தையும் வரிசையாகப் பார்த்தார். நான் அவரை நேரில் பார்ப்பது அதுவே முதல் தடவை. துக்கத்துக்கு ஒரு வார்த்தை சொன்னார். பிறகு மாமாவின் கழுத்தில் டேப்பைக் கண்டதும் முகம் மாறியது.

"அந்தப் பொண்ணோட அப்பா நீங்கதானா? அன்னைக்கு நீலத்துல நீளமா ஒரு ஸ்கர்ட் போட்டுக்கிட்டு வந்துச்சு. எங்க வாங்கினேன்னு கேட்டேன். எங்கப்பா தைச்சதுன்னு அப்படி ஒரு பெருமை."

மாமா தாளிலிருந்து தலையைத் தூக்கினார்.

"நீலமா? அடியில நேரா இறங்கியிருக்குமே, அதா?"

"அதேதான். படி ஏறும்போது ரெண்டு கையாலயும் தூக்கிக்கிட்டு ஏறுச்சு."

மாமா என்னைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். அவர் தோள் ஆடத் தொடங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். நான்கு மாதத்தில் முதல் தடவை.

"மாப்பிள்ளை, அதுக்குக் கீழ்ச்சுத்து நாப்பத்தெட்டு அங்குலம். குறுகலா வை, குறுகலா வைன்னு பிடிவாதம் பிடிச்சா. நடக்க முடியாதும்மான்னேன். கேக்கல. அதைப் போட்டுக்கிட்டு ஒன்றரை அடிக்கு மேல கால் எட்டி வைக்கவே முடியாது."

ஐந்தரையை ஒன்றரையால் பெருக்கினேன். எட்டே கால் அடி. திரும்பித் தெருவைப் பார்த்தேன். எட்டே கால் அடிதான்.

"அப்ப தப்பு பாதி என்னோடது" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சாண் சங்கதி வேற. அவ சாண் ஏழரை அங்குலம். கையுறை தைக்க நான் அளந்திருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்கணும்னு தோணலை மாமா. மறந்துட்டேன்."

"மறக்கல மாப்பிள்ளை." தாளை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "அவ குள்ளம்னு நீங்க ஒருநாளும் நினைச்சதில்ல. அதான்."

பிறகு சட்டைப்பையில் கை விட்டு ஒரு தட்டைச் சாக்கட்டியை எடுத்தார். துணியில் கோடு போடுகிற சாக்கட்டி. லாரியின் பின்பக்கம் ஏறினார். இரண்டு ஆட்கள் மேசையைக் கவிழ்த்தார்கள். கால் நாலிலும் டேப்பை வைத்து மூன்றங்குலத்தில் கோடு கிழித்தார்.

சட்டக்காரரிடம் ரம்பம் இருக்கிறதா என்று கேட்டார். தடுக்கலாமா என்று நினைத்தேன். அவருடைய அப்பா காலத்து மேசை. கடையில் யாரையும் அதன் மேல் ஒரு டம்ளர்கூட வைக்க விடமாட்டார்.

"மாமா, வேண்டாம். வேற வழி யோசிக்கலாம்."

"எங்கப்பா ஆறடி. அவர் உயரத்துக்குப் போட்டது இது. நாப்பது வருஷமா நான் தோளைத் தூக்கித் தூக்கித்தான் வெட்டறேன். அளவு சரியில்லன்னா குறைக்கறதுதானே என் வேலை?"

சட்டக்காரர் மெல்லிய பல் ரம்பம் கொண்டுவந்தார். அறுத்தது அவர்தான், கோட்டுக்கு வெளியே ஒரு மயிரிழை போகவில்லை. மாமா பக்கத்தில் குனிந்து நின்று ஒவ்வொரு காலுக்கும் மேற்பார்வை பார்த்தார். இரண்டு தொழில்காரர்கள் ஒருவரையொருவர் நோட்டம் விடுவது முதுகிலேயே தெரிந்தது. நாலாவது கால் விழுந்ததும் சட்டக்காரர் ரம்பத்தைத் துடைத்தபடி, படம் ஏதாவது சட்டம் போட இருந்தால் கொண்டுவாருங்கள் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். எந்தப் படம் என்று அவர் சொல்லவில்லை. இன்னும் இல்லை என்றேன். அவர் தலையசைத்தார்.

ஆறு பேர் மேசையை ஒருக்களித்துத் தூக்கினோம். இஸ்திரிச் சட்டைக்காரர் எனக்கு எதிரே. அவர் சட்டை அதற்குள் கசங்கி முதுகில் ஒட்டியிருந்தது. படிக்கட்டில் ஒவ்வொரு படியாக ஏறியது. சுவருக்கும் மேசைக்கும் நடுவில் என் விரல் நுழையவில்லை. மேலே நின்று மாமா இடது, வலது என்று சொல்லிக்கொண்டே வந்தார். பூச்சு ஒரு இடத்திலும் உரியவில்லை.

"முக்கால் அங்குலம் மிச்சம்" என்றார். "தையலுக்கு விடற துணி அவ்வளவுதான்."

முன்னறை ஜன்னலுக்குக் கீழே அவள் கட்டம் போட்ட இடத்தில் மேசை உட்கார்ந்தது. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் கதவு. கதவு திறந்தால் மேசையை இடிக்காமல் ஒரு கை நகர்ந்து நின்றது. அந்த ஒரு கை இடைவெளியும் தாளில் இருந்தது. மாமா இரண்டு கையையும் பலகையில் ஊன்றி நின்று பார்த்தார். தோள் இறங்கியிருந்தது.

பத்துக்கு ஐந்து நிமிஷம். டிரைவர் மெஷினைத் தானே தூக்கிக்கொண்டு மாடி ஏறிவந்தார், பட்டாணி முன்னால் வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டே. மாமா வாங்கி மேசைமேல் வைத்தார்.

"என்ன ஐயா, மகன் ஊருக்கு வரலையா?"

"இன்னொரு நாள் பார்க்கலாம்."

"அதானே பார்த்தேன்" என்றார் டிரைவர். படியிறங்கும்போது என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். கீழே லாரி பின்வாங்கிய சத்தம் கேட்டது. மேல்மாடி அம்மாள் இடது, வலது என்று சொல்லிக்கொடுத்ததும் கேட்டது. பிறகு ஸ்கூட்டர்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டன. இருபது வண்டி இருக்கும். வீடு திடீரென்று அமைதியானது.

மத்தியானம் வரை பெட்டி பிரித்தோம். பட்டாணியின் யூனிபார்ம் துணி மூக்குக்கண்ணாடிப் பெட்டியில் கிடைத்தது. மாமா அவளை மேசைமேல் நிற்க வைத்து அளவெடுத்தார். ஒரு டம்ளர் வைக்க விடாத மேசையில் அவள் செருப்புக் காலோடு நின்றாள். அளவெடுத்து முடித்ததும் அப்படியே உட்கார வைத்துத் தலையைப் பிரித்துப் பின்னினார். பாவாடை நாடா மாதிரி இறுக்கமான பின்னல். அவள் கண் இரண்டும் மேலே இழுத்துக்கொண்டது. வலிக்குதா என்றேன். அழகா இருக்கா என்று திருப்பிக் கேட்டாள்.

எங்கே வைப்பது என்று தெரியாத பெட்டிகளைப் பின்னறையில் அடுக்கினேன். அந்தப் பெயரில்லாத கட்டம் அங்கேதான் இருந்தது. வெறும் கட்டம் என்பதால் பெட்டிக்கு உதவும் என்று தோன்றியது. பத்துப் பன்னிரண்டு பெட்டி சேர்ந்துவிட்டது.

மூன்று மணிக்கு வீட்டுக்காரம்மா டீயோடு மாடிக்கு வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். முன்னறையில் மேசையைத் தடவிப் பார்த்தார். பின்னறை வாசலில் நின்றவர் பெட்டிகளைப் பார்த்ததும் தயங்கினார்.

"இங்க பெட்டியா வச்சிருக்கீங்க? அப்ப அந்தம்மா வரலையா?"

"எந்தம்மா?"

"அன்னைக்கு உங்க சம்சாரத்தோட வந்தாங்களே. வயசான அம்மா. வெள்ளை கேன்வாஸ் ஷூ போட்டுக்கிட்டு."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

அவள் வீடு பார்க்கத் தனியாகப் போனாள் என்றுதான் எனக்குத் தெரியும். அப்படித்தான் போனில் சொன்னாள். வீட்டுக்காரம்மா சொல்லிக்கொண்டே போனார். இரண்டு பேரும் ஒன்றாக வந்தார்கள். ஒன்றாகவே போனார்கள். அந்தம்மா இந்தப் பின்னறையில் அஞ்சு நிமிஷம் தனியாக நின்று, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தார். அதிகம் பேசவில்லை.

"தெருவை அளந்ததுகூட ரெண்டு பேரும்தான். இந்தப் பொண்ணு காலை எடுத்து வச்சு வச்சுப் போகுது, அந்தம்மா எண்ணிக்கிட்டே பின்னால போறாங்க. பொண்ணு அஞ்சுன்னு எழுதப் போச்சு. அந்தம்மா விடல. அஞ்சு இல்ல, அஞ்சரை, சரியா எழுதுன்னாங்க."

அவர் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மாமா மெஷினை நிறுத்தியிருந்தார். கையை நீட்டித் தாளைக் கேட்டார். கொடுத்தேன். பெயரில்லாத கட்டத்தின் ஓரத்தில் பொடியாக எழுதியிருந்ததைப் படித்தார். பத்துச் சாண், நாலரைச் சாண். உதடு அசைய, அவள் சாணை வைத்துப் பெருக்கினார்.

"ஆறே கால் அடிக்கு ரெண்டே முக்கால். ஒத்தை ஆள் கட்டில் மாப்பிள்ளை."

நான் பின்னறைக்குப் போனேன். மேலே இருந்த பெட்டியைத் தூக்கினேன். வெளியே கொண்டுவந்து கூடத்தில் வைத்தேன். திரும்பப் போய் அடுத்ததைத் தூக்கினேன்.

"எல்லாத்தையும் அங்கேருந்து எடுத்துட்டா எங்க வைக்கப் போறீங்க?" என்றார் மாமா. குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"தெரியல மாமா" என்றேன். மூன்றாவது பெட்டியைத் தூக்கினேன்.